நஞ்சும் பஞ்சும்

தோட்டத்து ஸ்டோர் கீப்பருக்குக் கவிராயர் என்ற பெயர் பாராட்டாக வந்ததல்ல. கையுறை வாங்க வந்த ஒரு பெண் வைத்த பெயர் அது. ஸ்டோர் ஜன்னலுக்கு மேலே, 'கையில் இல்லையா உறை? நாளை விரலில் இருக்கும் குறை!' என்று அவர் எழுதி ஒட்டியிருந்தார். அதைப் படித்துவிட்டு, "ஒரு ஜோடி கையுறை கேட்டா ஒரு பாட்டும் சேர்த்துக் குடுக்கிறாரே, இவர் என்ன கவிராயரா?" என்று அவள் கேட்டாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் பெயர் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. அவருக்கும் உள்ளூர சந்தோஷம்தான். கிண்டலாகக் கொடுத்தாலும் பட்டம் பட்டம்தானே.

நேராக ஒரு வாக்கியம் எழுத அவருக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டரை, 'காய்ச்சல் வந்து படுத்தேன், கடிதம் எழுதி விடுத்தேன்' என்று ஆரம்பித்து, வகுப்புக்கு வெளியே முட்டி போட்டவர். அப்பா மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். "இவன் பேசினா கேக்க நல்லாத்தான் இருக்கு, விஷயம் என்னன்னுதான் புரிய மாட்டேங்குது" என்பார். இருபத்திரண்டு வயதில் கொக்கோத் தோட்டத்து ஸ்டோரில் சேர்ந்தார். பதினெட்டு வருஷத்தில் அந்தத் தகரக் கொட்டகைக்கே ராஜாவாகிவிட்டார். ரப்பர் பூட்ஸ், அரிவாள், கயிறு, டார்ச் பேட்டரி என்று எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி எடுப்பார். வேலையில் குறை சொல்ல ஆள் கிடையாது. குடி, சீட்டு, புகை ஒன்றும் இல்லாத மனிதர் என்று அவர் மனைவி நாற்றுப் பண்ணையில் பை நிரப்பிக்கொண்டே பெருமையடிப்பாள். எதுகை மட்டும்தான் அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம். அது என்ன செய்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

மனைவிக்கு ஒரு தம்பி. அம்மா போன பிறகு அக்காவைத் தேடி வந்தவன், வடிகால் வெட்டும் கூட்டத்தில் வேலை. மூன்று வீடு தள்ளி ஒற்றை அறையில் தங்கியிருந்தான், சாப்பாடு அக்கா வீட்டில். இருபத்தாறு வயதாகியும் அவனுக்கு வலது எது இடது எது என்று சட்டென்று தெரியாது. "வலப்பக்கம் வெட்டு" என்றால், சாப்பிடுகிற கையை ஒரு தடவை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் மண்வெட்டியை எடுப்பான். அதற்காக அவனைக் கேலி செய்யாத ஆள் தோட்டத்தில் இல்லை. எதையும் கொல்லவும் மாட்டான். வடிகாலில் அகப்படும் தவளை, ஆமை, தேள் எதுவானாலும் எடுத்து மேட்டில் விட்டுவிட்டுத்தான் மறு வேலை. கவிராயரின் பாட்டுகளை மனசாரக் கேட்டவன் தோட்டத்திலேயே அவன் ஒருவன்தான். "மாமா, இதை நீங்க ஒரு புஸ்தகமா போடணும்" என்பான். கவிராயருக்கு அவனைப் பிடித்துப்போனதற்கு வேறு காரணம் வேண்டுமா என்ன.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டபோது, உதிர்ந்த இலைக் குவியலுக்குள் ஒரு பாம்பைப் பார்த்ததாக ஒரு பெண் அலறிக்கொண்டு ஓடி வந்தாள். சிவப்பு, கருப்பு, மஞ்சள் என்று வளையல் அடுக்கினாற்போல இருந்ததாம். கிளினிக் நர்ஸம்மா கேட்டுவிட்டு, "பவளப்பாம்பா இருக்கும். காட்டோரம்னா அது இருக்கும். விஷம். ஆனா அதே மாதிரி வளையம் போட்டு, விஷமே இல்லாத பாம்பும் இருக்கு" என்றார். மேனேஜர் நேராக ஸ்டோருக்கு வந்தார்.

"கவிராயரே, ஒரு போர்டு போடுங்க. எது விஷம், எது விஷமில்லைன்னு ஜனங்க மறக்கவே கூடாது."

கரும்பு தின்னக் கூலியா? வெளிநாட்டிலிருந்து வந்த கருவிப் பெட்டி ஒன்றில் பாதுகாப்புப் புத்தகம் ஒன்று கிடந்தது. அதில் இந்தப் பாம்பின் படமும் இருந்தது. சிவப்பு வளையம் மஞ்சளை ஒட்டியிருந்தால் விஷப்பாம்பு, கருப்பை ஒட்டியிருந்தால் சாதுப்பாம்பு என்று போட்டிருந்தது. அது எந்த நாட்டுப் பாம்புக்கான விதி என்று முதல் பக்கத்திலேயே அச்சடித்திருந்தார்கள். கவிராயர் முதல் பக்கம் படிக்கிறவர் அல்ல. 'மஞ்சள்' என்ற சொல்லைப் பார்த்ததுமே 'நஞ்சு' வந்து விழுந்துவிட்டது. நஞ்சு வந்த பிறகு பஞ்சு வராமல் இருக்குமா? அரை மணி நேரத்தில் போர்டு தயார்.

சிவப்பு மஞ்சளைத் தொட்டால் நஞ்சு!
சிவப்பு கருப்பைத் தொட்டால் பஞ்சு!

அதுவரை அவர் எழுதிய எதுவும் இப்படிப் பிடித்துக்கொண்டதில்லை. காய் உடைக்கிற பெண்கள் தாளத்துக்கு அதைச் சொல்லிக்கொண்டே உடைத்தார்கள். குழந்தைகள் கயிறு தாண்டும்போது பாடினார்கள். மற்ற பிரிவுகளிலிருந்தெல்லாம் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். மாசக் கடைசியில் தலைமை ஆபீஸிலிருந்து ஆட்கள் வரும்போது போர்டைக் காட்டப்போவதாக மேனேஜர் சொன்னார். கவிராயருக்குக் கால் தரையில் பாவவில்லை.

இந்த நேரத்தில்தான் தவளைக்காரர் வந்தார். காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தவளைகளைக் கணக்கெடுக்க வந்த படித்த மனிதர். ஊருக்குத் திரும்புகிற வழியில் கயிறு வாங்க ஸ்டோருக்கு வந்தவர், ஜன்னலில் நின்றபடியே போர்டைப் படித்தார். படித்தவர் சிரிக்கவில்லை.

"இது யாரு எழுதினது?"

"நான்தான் சார்," என்றார் கவிராயர், பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக.

"இந்த விதி வேற நாட்டுக்குங்க. இந்தக் காட்டுல இருக்கிற பவளப்பாம்புக்குச் சிவப்பு ரெண்டு பக்கமும் கருப்பைத்தான் தொடும். இதை நம்பி ஒருத்தன் கையால எடுத்தான்னா அவ்வளவுதான்." செல்போனில் ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். சிவப்பு, அதை ஒட்டிக் கருப்பு, அப்புறம் மஞ்சள், மறுபடி கருப்பு. சந்தேகத்துக்கே இடமில்லை. "வளையம் போட்ட எந்தப் பாம்பையும் தொடாதேன்னு எழுதுங்க. அது போதும். இன்னிக்கே இதைக் கழட்டிடுங்க."

"பாத்துக்கறேன் சார்," என்றார் கவிராயர். தவளைக்காரர் கயிற்றை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

போர்டைக் கழற்ற இரண்டு ஆணியைப் பிடுங்கினால் போதும். ஸ்டோரில் பதினாலு சுத்தியல் இருந்தது. ஆனால் கழற்றினால் அந்த இடத்தில் என்ன மாட்டுவது? வளையம் போட்ட எந்தப் பாம்பையும் தொடாதே. எழுதிப் பார்த்தார். உப்பில்லாப் பண்டமாக இருந்தது. இதை யார் பாடுவார்கள், யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? மாட்டுவதுதான் மாட்டுகிறோம், பழையதை அடித்துப்போடுகிற மாதிரி ஒன்றை எழுதி மாட்டுவோம், தப்பு நடந்ததே தெரியாமல் போய்விடும் என்று நினைத்தார். இப்படி நினைத்தது முதல் நாள். 'வளையம்' என்று தொடங்கினால் 'அபாயம்' சேரவில்லை. 'தொடாதே' என்று முடித்து 'விடாதே' என்று போட்டால், பிடித்துக்கொள் என்று அர்த்தமாகிவிடும். பில் புத்தகத்தின் பின்பக்கமெல்லாம் எழுதி எழுதி அடித்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவர் நெஞ்சு குறுகுறுக்கக்கூட இல்லை, அது எதுகை தேடிக்கொண்டிருந்தது. இப்படியே ஒன்பது நாள் ஓடியது.

ஒன்பதாம் நாள் காலை, எட்டாம் நம்பர் வடிகாலில் மைத்துனனும் மண்வெட்டியக்காவும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மண்வெட்டியக்கா என்பது அவனோடு ஜோடியாக மண் அள்ளும் பெண். ஐம்பதைத் தாண்டியவள், இரண்டு ஆள் வேலை செய்வாள். மட்கிய இலையைப் புரட்டியபோது பாம்பு தெரிந்தது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிகம், விரல் பருமன். அவள் மண்வெட்டியை ஓங்கினாள்.

"இரு அக்கா, இரு. பாத்துட்டு அடி." அவன் குந்தி உட்கார்ந்து, விரலை நீட்டி நீட்டிப் பார்த்தான். "சிவப்பு, கருப்பு. சிவப்பு கருப்பைத் தொட்டால் பஞ்சு. பாவம், சாது."

அந்தப் பாம்புக்கு ஒரு குணம். பயந்தால் தலையை உடம்புக்கு அடியில் ஒளித்துக்கொண்டு, வாலைத் தலை மாதிரி தூக்கிக் காட்டும். தலை என்று நினைத்து வாலிலிருந்து கையை விலக்கி, நடு உடம்பில் பிடித்துத் தூக்கினான். அது அவன் சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் வாயை வைத்து மென்றது. உதறினான். இரண்டு சின்னப் புள்ளி. ரத்தம்கூடச் சரியாக வரவில்லை.

"எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லக்கா. பஞ்சுன்னா பஞ்சுதான்," என்று சிரித்தான். பாம்பைக் குச்சியால் தள்ளி மேட்டில் விட்டுவிட்டு, மத்தியானம் வரை மண் வெட்டினான்.

சாப்பாட்டு நேரத்தில் தூக்கம் வருகிறது என்றான். இமை பாதிக்கு மேல் திறக்கவில்லை. தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வந்தது. நாக்குக் குழறியதைப் பார்த்து, குடித்திருக்கிறான் என்று சிலர் சிரித்தார்கள். மண்வெட்டியக்கா யாரையும் கேட்காமல் அவனைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கிளினிக்குக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"கருப்பைத் தொட்டிருந்துச்சா? அப்ப விஷமில்லையே. வெயில் மயக்கமா இருக்கும்," என்று நர்ஸம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போது கவிராயர் ஓடி வந்தார். அவன் முகத்தைப் பார்த்தார்.

"பவளப்பாம்புதான். உடனே ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"இமை விழுந்திருக்கே, பாருங்க."

அந்த நேரத்துக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. வண்டி கிளம்பியது. மூன்று மணி நேரப் பாதை. பின் இருக்கையில் மைத்துனனின் தலை அவர் மடியில் இருந்தது. அவன் ஏதோ சொல்ல முயன்றான், சத்தம் வரவில்லை. கண் மூடியிருந்தாலும் அவனுக்கு எல்லாம் கேட்கிறது என்று கவிராயருக்குத் தெரிந்தது. கேட்கும்போதே சொல்லிவிடு, மன்னிப்புக் கேள் என்று மனசு அடித்துக்கொண்டது. டிரைவர் முன்னால் இருந்தார். கவிராயர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்று மட்டும் சொல்லிக்கொண்டே போனார்.

ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். அந்தப் பாம்புக்கான விஷமுறிவு மருந்து அங்கே இல்லை, வேறு ஊரிலிருந்து வரவேண்டும் என்றார்கள். மருந்து மூன்றாம் நாள் வந்தது. நாலாம் நாள் காலை அவன் போய்விட்டான். வராந்தாவின் பிளாஸ்டிக் நாற்காலியில், கவிராயர் தோளில் சாய்ந்து அழுத மனைவி சொன்னது இதுதான்: "சின்ன வயசுலேருந்து அப்படித்தாங்க. வலது இடது தெரியாது. நீங்க அவ்வளவு தெளிவா எழுதி வெச்சும் மாத்திப் படிச்சுட்டானே."

அவர் தோளை விலக்கிக்கொள்ளவும் முடியாமல், அவளை அணைத்துக்கொள்ளவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

தோட்டம் முழுக்க அதே பேச்சாகிவிட்டது. பாட்டைக்கூட ஒழுங்காக மனப்பாடம் பண்ணத் தெரியாமல் உயிரை விட்டான். இருக்கும்போது வாங்கிய கேலி போதாது என்று செத்த பிறகும் வாங்கினான். மண்வெட்டியக்கா ஒருத்திதான் தலையை ஆட்டினாள். புதுக் கையுறை வாங்க வந்தவள் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "அவன் சரியாத்தான் பாத்தான். சரியாத்தான் பாடினான். நான் பக்கத்துல இருந்தேன். மேனேஜர்கிட்ட சொன்னா, உனக்குக் கண்ணு சரியில்லைங்கிறார். நீங்களாவது சொல்லுங்க, என் கண்ணுக்கு என்ன?" என்றாள். கவிராயர் கையுறையின் அளவைக் கேட்டார். அவளுக்கு எந்த அளவு என்று பதினெட்டு வருஷமாக அவருக்குத் தெரியும்.

அடுத்த திங்கள்கிழமை மேனேஜர் எல்லோரையும் எடைமேடைக்கு முன்னால் கூட்டினார். நடந்தது இனி நடக்கக் கூடாது, பாட்டை ஒருவரும் மாற்றிச் சொல்லக் கூடாது, ஆகவே எல்லோரும் சேர்ந்து பத்துத் தடவை சொல்லப்போகிறோம் என்றார். "கவிராயரே, முன்னால வந்து நீங்க சொல்லிக்குடுங்க."

இருநூறு பேர். குழந்தைகளைக்கூட அழைத்து வந்திருந்தார்கள். போர்டைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். கவிராயர் வாயைத் திறந்தார். முன் வரிசையில் ஒரு சின்னப் பெண், அவர் தொடங்குவதற்கு முன்பே உதட்டை அசைத்துத் தயாராக இருந்தாள். இவள் இதைச் சொல்லிக்கொண்டே ஒரு நாள் எடுப்பாள் என்று அவருக்குத் தோன்றியது. அதற்குமேல் அவரால் நிற்க முடியவில்லை.

"பாட்டு தப்பு," என்றார். "நான் பாத்து எழுதின புஸ்தகம் வேற நாட்டுப் புஸ்தகம். நம்ம காட்டுப் பாம்பு கருப்பைத்தான் தொடும். என் மைத்துனன் சரியாத்தான் படிச்சான். மண்வெட்டியக்கா சொன்னது நிஜம். வளையம் போட்ட எந்தப் பாம்பையும் தொடாதீங்க. அவ்வளவுதான்."

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது உங்களுக்கு எப்ப தெரிஞ்சது?" என்று கேட்டார்.

கவிராயர் கூட்டத்தைப் பார்த்தார். நாற்றுப் பண்ணைப் பெண்களுக்கு நடுவில் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"இப்பதான்," என்றார். "நேத்துதான் முதல் பக்கத்தைப் பாத்தேன்."

நியாயமாகப் பார்த்தால் அடி விழுந்திருக்க வேண்டும். விழுந்தது பாராட்டு. தன் தப்பைத் தானே சபையில் ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும் என்றார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்றார்கள். மண்வெட்டியக்கா வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார். யார் யாரோ தட்டிய இடமெல்லாம் அவருக்கு எரிந்தது. அன்று சாயங்காலம் போர்டை அவரே கோடாலியால் பிளந்தார். அதையும் நாலு பேர் நின்று பார்த்து, மனுஷன் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று பேசிக்கொண்டு போனார்கள். புதுப் போர்டில் எதுகை இல்லை. அதை எழுத இரண்டு நிமிஷம்தான் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை, மைத்துனனின் அறையைக் காலி செய்ய இருவரும் போனார்கள். அறையில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கட்டில், கொடியில் நாலு சட்டை, ஒரு தகரப் பெட்டி. ஜன்னல் கம்பியில் காயப்போட்ட காலுறை அப்படியே இருந்தது. மனைவி கட்டிலில் உட்கார்ந்து சட்டைகளை மடித்தாள். கவிராயர் வாசற்படியில் நின்றார்.

"தம்பி தப்புப் பண்ணலைன்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்களே, அது போதுங்க எனக்கு," என்றாள். "வேற யாராவதா இருந்தா வாயைத் திறந்திருப்பாங்களா? என் கண்ணுக்கு நீங்க ரொம்பப் பெரிய மனுஷனா தெரிஞ்சீங்க."

அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். இது தாங்கவில்லை.

"நான் பொய் சொன்னேன்," என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் சொல்லத் தொடங்கினார். தவளைக்காரர் வந்ததை, படம் காட்டியதை, இன்றைக்கே கழற்றிவிடு என்று சொன்னதை, தான் பார்த்துக்கொள்கிறேன் என்றதை, வரிசையாகச் சொன்னார். எதுகை இல்லாமல், மோனை இல்லாமல், சின்னச் சின்ன வாக்கியமாக அவர் இவ்வளவு நீளமாகப் பேசியது வாழ்நாளில் அன்றுதான். அவர் பேசப் பேச அவள் கை மடிப்பதை நிறுத்திவிட்டது.

"அவர் வந்து எத்தனை நாளைக்கு அப்புறம் தம்பியைக் கடிச்சது?"

"ஒன்பது நாள்."

"ஒன்பது நாளும் போர்டு அங்கேயே இருந்ததா?"

"இருந்தது."

"ஏன் கழட்டலை?"

"புதுசு அமையலை. அமைஞ்சதும் மாத்திடலாம்னு..." அவருக்கே அந்த வாக்கியத்தை முடிக்க வெட்கமாக இருந்தது. "நான்தான் அவனைக் கொன்னேன். என்னை என்ன வேணாலும் சொல்லு."

அவள் மடியில் இருந்த சட்டையின் பொத்தானை விரலால் திருகிக்கொண்டே இருந்தாள். எதையோ கணக்குப் பார்க்கிற மாதிரி இருந்தது அவள் முகம். பிறகு, சண்டை போடுகிற குரலில் இல்லாமல், ஞாபகப்படுத்திப் பார்க்கிற குரலில் பேசினாள்.

"அந்த வாரம் ஒரு நாள் சாப்பிடும்போது அவனைக் கேட்டீங்க. 'தொடாதே'ங்கிறதுக்கு எதுகையா ஒரு வார்த்தை சொல்லுடான்னு. அவன் சோத்தைக் கையில வெச்சுக்கிட்டே யோசிச்சான். நான்கூடத் திட்டினேன், பிள்ளையைச் சாப்பிட விடுங்கன்னு."

கவிராயர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அவரும் இதை மறந்திருக்கவில்லை. சொல்லாமல் விட்டது இது ஒன்றுதான்.

"எதுக்கு மாமான்னு கேட்டான்," என்றாள்.

அவள் சட்டையைக் கட்டிலில் வைத்தாள்.

"சும்மான்னு சொன்னீங்க."